தாய்-சேய் நலத்தில் புதுமுறைகள்: பொருளுதவியும் பயன்மதிப்பீடும்

தாய்மார்களின் நலனையும் குழந்தைகளின் நலனையும் முன்னிட்டு ஆண்டுதோறும் பல புதுமுறைகள் யோசித்துச் சொல்லப்படுகின்றன. ஒரு கருவி, ஒரு பயிற்சி, பிரசவ அறையில் தொங்கவிடும் ஓர் அட்டவணை, தாய்க்கு அளிக்கும் உதவித்தொகை, கைப்பேசி வழியாக வரும் அறிவுரை என அவை பலவகைப்படும். இவை யாவும் நல்லெண்ணத்தில் தோன்றியவையே. எனினும் நல்லெண்ணத்தில் தோன்றியவை அனைத்தும் உயிரைக் காத்துவிடுவதில்லை. அரசாங்கத்திடமும் அறநிலையங்களிடமும் உள்ள பணமோ ஓர் எல்லைக்கு உட்பட்டது. பயனற்ற முறை ஒன்றில் செலவான தொகை, பயனுள்ள மற்றொரு முறைக்குக் கிட்டாமற் போன தொகையாகும். ஆகவே எந்தப் புதுமுறைக்குப் பணம் அளிப்பது, எவ்வளவு அளிப்பது, அது பலன் தந்ததா என்பதை எவ்வாறு அறிவது என்னும் கேள்விகள் எழுகின்றன. இவை தலைநகரிலுள்ள அதிகாரிகளுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. இவற்றிற்கு விடை தரும் எண்கள் கிராமத்துப் பதிவேடுகளிலிருந்தே வருகின்றன. ஆதலின் களப்பணியாளர்களும், கிராம மக்களுக்கு எடுத்துரைக்கும் பொறுப்புள்ள ஆசிரியர்களும் இவற்றை அறிந்திருத்தல் நலம்.

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 58 குழந்தைகள் ஒரு வயது நிரம்புமுன் இறந்தன. 2020இல் இவ்வெண் 28 ஆகக் குறைந்தது. அந்த 28 பேரில் 20 பேர் பிறந்து 28 நாட்களுக்குள்ளேயே இறந்தவர்கள். எனவே சிசு மரணத்தைக் குறைக்க முனையும் எந்தப் புதுமுறையும் இந்த முதல் 28 நாட்களை மறந்துவிட இயலாது. இந்தப் பருவத்துக் குழந்தையை இக்கட்டுரையில் பச்சிளஞ் சிசு என்று குறிப்போம்.

சிறு எண்கள் தரும் மயக்கம்

ஒரு புதுமுறை ஓர் ஊரில் தொடங்கப்படுகிறது. முந்திய ஆண்டில் அவ்வூர்த் துணைச் சுகாதார நிலையத்தின் எல்லையில் நான்கு பச்சிளஞ் சிசுக்கள் இறந்தன. இவ்வாண்டு ஒன்றுகூட இறக்கவில்லை. முறை வெற்றி பெற்றதென்று அறிக்கை எழுதிவிடலாமா?

கணக்கிட்டுப் பார்ப்போம். சமவெளிப் பகுதியில் ஒரு துணைச் சுகாதார நிலையம் 5,000 பேருக்கு என்பது வழக்கிலுள்ள அளவு. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 20 பிறப்பு என்று கொண்டால், அங்கு 100 குழந்தைகள் பிறக்கும். ஆயிரத்துக்கு 20 என்னும் விகிதத்தில் இரு சிசுக்கள் இறக்கும். ஆனால் இரண்டு என்பது சராசரியே. எந்தப் புதுமுறையும் இல்லாமலே, சுமார் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கு ஒரு மரணமும் நிகழாதிருக்கும். அவ்வாறே சுமார் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை நான்கோ அதற்கு மேலோ நிகழும். இது தற்செயலின் விளையாட்டு. நாணயத்தைப் பத்துமுறை சுண்டினால் ஐந்துமுறையே தலை விழ வேண்டுமென்பதில்லை அல்லவா? அது போன்றதே இது.

தாய்மாரின் மரணத்தில் இம்மயக்கம் இன்னும் பெரிது. 2018-20ஆம் ஆண்டுகளில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 97 தாய்மார் இறந்தனர். லட்சம் பேர் வாழும் ஒரு வட்டாரம் முழுவதையும் சேர்த்தாலும் ஆண்டுக்கு இரு மரணங்களே வரும். ஆதலால் ஓர் ஊரின் ஓராண்டுக் கணக்கை வைத்து எந்தப் பணியாளரையும் புகழவும் கூடாது, பழிக்கவும் கூடாது.

மற்றொரு மயக்கமும் உண்டு. புதுமுறையைத் தொடங்குவோர், மரணம் மிகுந்திருந்த ஊரையே தேர்ந்தெடுப்பது வழக்கம். தற்செயலால் உயர்ந்த எண், மறு ஆண்டில் தானாகவே சராசரியை நோக்கி இறங்கும். அந்த இறக்கமும் புதுமுறையின் கணக்கில் ஏறிவிடுகிறது. இவ்விரு மயக்கங்களையும் நீக்குவதற்கு வழி, பல ஊர்களைச் சேர்த்து எண்ணுவதும், புதுமுறை இல்லாத ஊர்களோடு ஒப்பிடுவதுமே.

கட்சிரோலியில் நடந்த ஒப்பீடு

மகாராஷ்டிர மாநிலத்தின் கிழக்குக் கோடியில் காடுகளும் பழங்குடி மக்களும் மிகுந்த மாவட்டம் கட்சிரோலி. டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் ஆகிய மருத்துவத் தம்பதியர் 1986இல் 'சர்ச்' என்னும் ஸ்தாபனத்தை நிறுவி அங்கே பணியாற்றத் தொடங்கினர். பெரும்பாலான பிரசவங்கள் அந்நாளில் வீட்டிலேயே நிகழ்ந்தன. நோயுற்ற பச்சிளஞ் சிசுவைப் பெற்றோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அரிதாக இருந்தது. குழந்தை மருத்துவமனைக்கு வாராதாயின், பராமரிப்பைக் குழந்தையின் வீட்டிற்குக் கொண்டு செல்லலாகாதா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

ஓரளவு பள்ளிப்படிப்புள்ள கிராமப் பெண்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். அவர்கள் பிரசவத்தின்போது உடனிருந்தனர். பிறந்த குழந்தையை எடையிட்டனர். மூச்சுவிடாத குழந்தைக்கு உதவினர். முதல் 28 நாட்களில் பலமுறை வீட்டிற்குச் சென்று பார்த்தனர். குழந்தையைக் கதகதப்பாக வைத்திருத்தல், தாய்ப்பால் ஊட்டுதல் ஆகியவற்றைத் தாய்க்குக் கற்பித்தனர். செப்ஸிஸ் எனப்படும் கிருமித் தொற்றின் அறிகுறிகளைக் கண்டறிந்து, பெற்றோரின் சம்மதத்துடன் ஜென்டாமைசின் ஊசியும் வாய்வழி மருந்தும் அளித்தனர்.

இம்முறை 39 கிராமங்களில் நடைபெற்றது. வேறு 47 கிராமங்கள் ஒப்பீட்டிற்காக வைக்கப்பட்டன. அங்கே வழக்கமான அரசாங்கச் சேவைகள் தொடர்ந்தன. 1993 முதல் 1995 வரை இரு தொகுதிகளின் தொடக்க நிலை அளக்கப்பட்டது. அப்போது ஆயிரம் பிறப்புகளுக்குப் பச்சிளஞ் சிசு மரணம் முதல் தொகுதியில் 62; இரண்டாம் தொகுதியில் 58. மூன்றாண்டுப் பணிக்குப் பின் 1997-98இல், பணி நடந்த கிராமங்களில் அது 25.5 ஆக இறங்கியது. ஒப்பீட்டுக் கிராமங்களில் 59.6 ஆக நின்றது.

ஒப்பீட்டுக் கிராமங்களின் எண் இல்லாதிருப்பின், நல்ல மழையாலோ, சாலை வசதியாலோ, நாடெங்கும் ஏற்பட்ட முன்னேற்றத்தாலோ மரணம் குறைந்தது என்று எவரும் வாதிட்டிருக்கலாம். 47 கிராமங்களில் எண் அசையாது நின்றமையால் அந்த வாதம் வலுவிழந்தது. செலவும் கணக்கிடப்பட்டது. ஒரு சிசுவுக்கு ஆன செலவு 5.3 டாலர். 1997-98இல் 18 சிசுக்களைப் பேணியதில் ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது; இதில் வயிற்றிலேயே இறக்கவிருந்த சிசுக்களும் அடங்கும். இரண்டையும் பெருக்கினால், ஓர் உயிரைக் காப்பதற்கு ஏறக்குறைய 95 டாலர் செலவாயிற்று என்பது விளங்கும். பணம் அளிப்போர் கேட்கவேண்டிய கணக்கு இதுவே.

இம்முடிவு 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. எனினும் அர்ப்பணிப்புள்ள ஒரு சிறு ஸ்தாபனம் செய்ததை மற்றவர்களும் செய்ய இயலுமா என்னும் ஐயம் எஞ்சியிருந்தது. ஆகவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பிற மாநிலங்களிலும் இதனைச் சோதித்தது. 2011இல் மத்திய அரசாங்கம், வீட்டில் பச்சிளஞ் சிசுப் பராமரிப்பு என்னும் திட்டத்தை ஆஷா பணியாளர்கள் மூலம் நாடெங்கும் ஏற்றது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆறு முறையும், வீட்டில் பிறந்த குழந்தையை ஏழு முறையும் 42 நாட்களுக்குள் சென்று பார்க்க வேண்டுமென்பது விதி. ஊசி போடும் பகுதியோ ஆஷா பணியாளரின் வேலையில் சேர்க்கப்படவில்லை. குறிப்பிட்ட சில நிலைமைகளில் ஏ.என்.எம். செவிலியர் ஜென்டாமைசின் ஊசி போடலாம் என்ற வழிகாட்டுதல் 2014இல் வந்தது. கட்சிரோலியில் அளக்கப்பட்டதும் நாடெங்கும் பரவியதும் முழுவதும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனித்தல் வேண்டும். ஒரு முறையின் ஓர் உறுப்பு நீக்கப்படின், பழைய எண்ணையே புதிய வடிவத்திற்கும் உரியதாகக் கூறல் பொருந்தாது. புதிய வடிவத்தைப் புதிதாக அளக்க வேண்டும்.

செயலை அளப்பதும் உயிரை அளப்பதும்

உலக சுகாதார ஸ்தாபனம் பிரசவப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வகுத்தது. கை கழுவுதல், இரத்த அழுத்தம் பார்த்தல், இரத்தப்போக்கைத் தடுக்க ஆக்ஸிடோசின் கொடுத்தல், பிறந்த குழந்தையைத் தாயின் மேனியோடு சேர்த்து வைத்தல் முதலிய இன்றியமையாத செயல்கள் அதில் வரிசையாக உள்ளன. கர்நாடகத்தில் ஒரு மருத்துவமனையில் இது முதலில் சோதிக்கப்பட்டது. பட்டியலிலிருந்த 29 செயல்களுள் சராசரி 10 மட்டுமே முன்பு செய்யப்பட்டன. பட்டியல் வந்தபின் 25 செய்யப்பட்டன. இதைக் கண்டோர் பெரிதும் மகிழ்ந்தனர். ஆயினும் அங்கே அளக்கப்பட்டது பணியாளரின் செயலேயன்றி, தாய் சேய்களின் உயிரன்று.

அடுத்த பெருஞ்சோதனை உத்தரப் பிரதேசத்தில் 24 மாவட்டங்களில் 120 மருத்துவ நிலையங்களில் நடந்தது. 2014ஆம் ஆண்டின் இறுதி முதல் 2016 வரை 1,57,000-க்கும் மேற்பட்ட தாய்மாரும் சிசுக்களும் இதில் சேர்க்கப்பட்டனர். எந்த நிலையம் பட்டியலைப் பெறும், எது பெறாது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. பட்டியல் பெற்ற நிலையங்களுக்குச் செவிலியர் சிலர் எட்டு மாதங்கள் சென்று வழிகாட்டினர். இரண்டு மாதங்களில், சோதித்துப் பார்த்த 18 செயல்களில் அங்கே 72.8 சதவிகிதம் செய்யப்பட்டன. மற்ற நிலையங்களில் 41.7 சதவிகிதமே. வழிகாட்டுதல் நின்று நான்கு மாதங்கள் கழிந்தபோது 72.8 என்பது 61.7 ஆக இறங்கியிருந்தது.

இனி உயிர்க் கணக்கைப் பார்ப்போம். பிரசவத்தை ஒட்டிச் சிசு இறத்தல், ஏழு நாட்களுக்குள் தாய் இறத்தல், தாய்க்குக் கடுமையான சிக்கல் நேர்தல் ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணினர். பட்டியல் பெற்ற நிலையங்களில் அது 15.1 சதவிகிதம், பெறாதவற்றில் 15.3 சதவிகிதம். அதாவது வேறுபாடு இல்லை.

இம்முடிவு 2017இல் வெளியானபோது பலருக்கு ஏமாற்றம் அளித்தது. ஆனால் இதனைத் தோல்வி என்று ஒதுக்குவது தவறு. பட்டியல் செயல்களை நினைவூட்டும். கடும் இரத்தப்போக்கு ஏற்பட்ட தாய்க்கு இரத்தம் ஏற்றவோ, அறுவைச் சிகிச்சை செய்யவோ, மூச்சுத் திணறும் சிசுவுக்குத் தேர்ந்த சிகிச்சை தரவோ அதனால் இயலாது. செயல்கள் பெருகியும் உயிரிழப்புக் குறையவில்லையாயின், குறை வேறோரிடத்தில் உள்ளதென்று அறியலாம். செயலை மட்டும் அளந்து நிறுத்தியிருந்தால், இப்பட்டியலே போதுமென்று நாடெங்கும் பணம் செலவாகியிருக்கும். எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தோம், எத்தனை அட்டைகள் விநியோகித்தோம், எத்தனை கூட்டங்கள் நடத்தினோம் என்னும் கணக்குகள் வேண்டியவையே. ஆனால் அவை பாதிவழிக் கணக்குகள்.

எவ்வளவு என்னும் கேள்வி

ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் 'ஏக்ஜுட்' என்னும் ஸ்தாபனம் மேற்கொண்ட பணி வேறுவகைப்பட்டது. அது மருந்தோ கருவியோ அளிக்கவில்லை. கிராமப் பெண்கள் மாதந்தோறும் கூடினர். உள்ளூர்ப் பெண் ஒருவர் கூட்டத்தை நடத்தினார். தாய்க்கும் சேய்க்கும் நேரும் இடர்களைப் படங்களாலும் கதைகளாலும் பேசி, அவற்றுள் முக்கியமானவற்றைத் தேர்ந்து, தங்களால் இயன்ற வழியைத் தாங்களே வகுத்து, பின்னர் அது எவ்வளவு பலித்தது என்று தாங்களே ஆராய்ந்தனர். 36 பகுதிகளில் 18 பகுதிகளில் இக்குழுக்கள் அமைந்தன. எஞ்சிய 18 ஒப்பீட்டிற்கு வைக்கப்பட்டன. 2005 முதல் 2008 வரை நடந்த இவ்வாய்வில், குழுக்கள் இருந்த பகுதிகளில் பச்சிளஞ் சிசு மரணம் 32 சதவிகிதம் குறைவாக இருந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் வங்காளதேசத்தின் மூன்று மாவட்டங்களில் இதே முறை சோதிக்கப்பட்டது. அங்கே மரணம் குறையவில்லை. ஒரே முறை ஓரிடத்தில் பலித்து மற்றோரிடத்தில் பலிக்காதது ஏன்? ஏக்ஜுட் பகுதியில் 468 பேருக்கு ஒரு குழு இருந்தது. வங்காளதேசத்திலோ 1,414 பேருக்கு ஒரு குழுவே இருந்தது. கருவுற்ற பெண்களில் மிகச் சிலரே கூட்டத்திற்கு வந்திருந்தனர். பின்னர் அங்கேயே குழுக்களை நெருக்கமாக அமைத்து மீண்டும் சோதித்தபோது, மரணம் 38 சதவிகிதம் குறைந்ததென்று 2013இல் தெரிய வந்தது. மருந்துக்கு அளவு இருப்பது போலவே கூட்டத்திற்கும் அளவு உண்டு. பணத்தை மிச்சப்படுத்தக் கருதி, ஒரு பணியாளருக்கு மூன்று பணியாளரின் பரப்பை ஒதுக்கினால், செலவு மூன்றில் ஒன்றாகக் குறையலாம். ஆனால் பயன் முழுவதுமே மறைந்துபோகலாம்.

பின்னர் ஆஷா பணியாளர்களே இக்கூட்டங்களை நடத்தினால் என்னவாகும் என்பதும் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஐந்து மாவட்டங்களில் ஆராயப்பட்டது. மரணம் 31 சதவிகிதம் குறைந்ததென்று 2016இல் வெளியாயிற்று. தனி ஸ்தாபனத்தின் ஊழியர் செய்ததை அரசாங்க அமைப்பின் சாதாரணப் பணியாளரும் செய்யலாம் என்பதற்கு இது சான்றாயிற்று.

ஒரே நாளில் எங்கும் தொடங்குவதன் இடர்ப்பாடு

2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா யோஜனா, மருத்துவ நிலையத்தில் பிரசவிக்கும் தாய்க்குப் பண உதவி அளித்தது. 2005-06இல் 38.7 சதவிகிதமாக இருந்த நிலையப் பிரசவங்கள் 2015-16இல் 78.9 சதவிகிதமாகவும், 2019-21இல் 88.6 சதவிகிதமாகவும் உயர்ந்தன. இது பெரும் மாற்றமே. ஆனால் உதவித்தொகையால் எத்தனை உயிர்கள் காக்கப்பட்டன என்னும் கேள்விக்கு உறுதியான விடை காண்பது அரிதாயிற்று. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கணக்கு முறைப்படி சிசு மரணம் குறைந்ததாகத் தெரிந்தது. மாவட்டங்களை மாவட்டங்களோடு ஒப்பிட்ட மற்றொரு முறையிலோ அக்குறைவு புலப்படவில்லை. திட்டம் விரைவாக எங்கும் பரவியதால், ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க இடங்கள் அமையவில்லை. ஒரு திட்டத்தைக் கட்டங்கட்டமாகத் தொடங்கி, முதற்கட்டத்தில் எந்த மாவட்டம் என்பதைக் குலுக்கலால் முடிவு செய்தால், எவருக்கும் உதவி மறுக்கப்படுவதில்லை. ஒப்பீடும் கிடைக்கிறது.

பணத்தைப் படிப்படியாக அளித்தல்

மேலே கூறியவற்றிலிருந்து பொருளுதவிக்கான நெறி ஒன்று பெறப்படுகிறது. முதற்படியில், யோசனை நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பார்க்கச் சிறு தொகை போதும். இரண்டாம் படியில், அது உயிரைக் காக்கிறதா என்று ஒப்பீட்டுடன் அளக்கப் பெருந்தொகை வேண்டும். மூன்றாம் படியில், சாதாரணப் பணியாளர் கையிலும் அது பலிக்குமா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே நாடெங்கும் பரப்புதல் தகும். ஒரு படியின் கேள்விக்கு விடை கிட்டிய பின்னரே அடுத்த படியின் பணம் வர வேண்டும்.

இந்நெறியைத் தழுவிய ஏற்பாடுகள் சில உள. 2011இல் அமெரிக்க உதவி ஸ்தாபனமும், நார்வே அரசாங்கமும், உலக வங்கியும், வேறு சில அமைப்புகளும் சேர்ந்து, பிரசவ காலத்தில் உயிர் காக்கும் புதுமுறைகளுக்கென ஒரு போட்டியைத் தொடங்கின. அதில் விதைத் தொகை தனியாகவும், விரிவாக்கத் தொகை தனியாகவும் வைக்கப்பட்டன. நம் நாட்டில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2012இல் தனி அறக்கட்டளை ஒன்றுடன் சேர்ந்து இத்தகைய ஏற்பாட்டைத் தொடங்கியது.

பணம் அளிப்போர் முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டியவை சில உள. எந்த எண் எவ்வளவு மாறினால் வெற்றி என்பது பணி தொடங்குமுன் எழுதப்பட வேண்டும். முடிவு வந்தபின் இலக்கை மாற்றுதல் முறையன்று. பணியை நடத்துவோரும் அளப்போரும் வெவ்வேறானவராக இருத்தல் வேண்டும். அளப்பதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். உதவி முடிந்த பின்னர் செலவை யார் ஏற்பார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மேலே கூறிய அமெரிக்க உதவி ஸ்தாபனமே 2025இல் மூடப்பட்டது. அயல்நாட்டுத் தொகையை மட்டும் நம்பிய பணிகளுக்கு இது போதிய எச்சரிக்கையாகும். மாநிலத்தின் ஆண்டுத் திட்டத்தில் இடம்பெற்ற பணியே நிலைக்கும்.

பதிவேட்டின் பொறுப்பு

இத்துணை ஏற்பாடுகளுக்கும் அடிப்படை, களப்பணியாளர் எழுதும் ஒரு வரியே. அவ்வரி பொய்த்தால் எல்லாக் கணக்கும் பொய்க்கும். பிழைகள் பெரும்பாலும் மூன்று வழிகளில் நேர்கின்றன.

முதலாவது, பெயரிடுமுன் இறந்த குழந்தை பதிவாகாமற் போவது. பிறப்பும் எழுதப்படுவதில்லை, இறப்பும் எழுதப்படுவதில்லை. முதல் வாரத்து மரணங்களே மிகுதியாதலின், இந்த இழப்புக் கணக்கைப் பெரிதும் திரித்துவிடும். கருவுற்ற பெண் ஒவ்வொருவரையும் முன்னரே பதிந்து, அக்கருவின் முடிவு என்னவாயிற்று என்று தேடி எழுதுவதே இதற்கு மாற்று.

இரண்டாவது, உயிருடன் பிறந்து சிறிது நேரத்தில் இறந்த சிசுவை இறந்து பிறந்ததாக எழுதுவது. ஒருமுறை மூச்சு விட்டிருந்தாலும், இதயம் துடித்திருந்தாலும், தொப்புள் கொடியில் துடிப்பு இருந்தாலும், தானாகக் கைகால் அசைத்திருந்தாலும் அது உயிருள்ள பிறப்பேயாகும். பின்னர் அது இறந்தால் இரு பதிவுகளும் வேண்டும். தாயிடமும், உடனிருந்தவரிடமும் பரிவோடு கேட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

மூன்றாவது, அச்சம். நல்ல பணியாளர் ஒருவர் ஓரிடத்திற்கு வந்ததும், முன்பு விடுபட்ட மரணங்களும் பதிவாகி எண் உயர்வது இயல்பு. அதற்காக அவரைக் குறை கூறும் மேலதிகாரி, அடுத்த ஆண்டில் தவறான பதிவேட்டையே பெறுவார். மரணத்தைப் பதிந்தவருக்குப் பாராட்டும், மறைத்ததற்குக் கண்டனமும் என்பதே நெறியாக வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்னும் சட்டத்தை மாணவர் மூலம் வீடுகளுக்கு அறிவிக்கலாம். நூறு பிறப்பில் இரு மரணம் என்னும் கணக்கையும், சராசரிக்கும் தற்செயலுக்கும் உள்ள வேறுபாட்டையும் வகுப்பறையில் நாணயங்களைக் கொண்டே விளக்கலாம்.

கட்சிரோலியின் 25.5 என்னும் எண் களத்தில் இருந்தோர் பிறப்பையும் இறப்பையும் தவறாது எழுதியதால் கிடைத்தது. அவர்கள் ஒரு மரணத்தை மறைத்திருந்தாலும், ஒப்பீட்டுக் கிராமங்களில் ஒரு மரணத்தை விட்டிருந்தாலும், அந்த எண்ணை நம்பி நாடு ஒரு திட்டத்தை ஏற்றிருக்க இயலாது. அடுத்து வரும் புதுமுறை எதுவாயினும், அதற்கும் இதுவே அளவுகோலாக அமையும்.